மாற்குவைச் சேர்ந்து படித்து நடப்பது: ரங்கூன் தமிழ்ச் சபைகளுக்குச் சில அனுபவக் குறிப்புகள்

புத்தாண்டு இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் பழக்கம் தமிழ்க் கிறிஸ்தவர்கள் போன இடமெல்லாம் கூடவே போயிருக்கிறது. ரங்கூனும் அதற்கு விலக்கில்லை. அட்டையில் வந்த வசனத்தைச் சுவரில் மாட்டுகிறோம், வருடம் முழுக்கச் சொல்லி ஜெபிக்கிறோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பல வருடம் அட்டை எடுத்துப் பழகியவரிடம், "இயேசு பேதுருவைக் கடிந்துகொண்டாரே, அதற்குச் சற்று முன்னால் என்ன பேசிக்கொண்டு வந்தார்கள்?" என்று கேட்டால் திணறுகிறார். ஒருவருக்குப் பின்னால் போக வேண்டுமென்றால் அவர் எங்கிருந்து கிளம்பினார், யார் வீட்டில் சாப்பிட்டார், எந்த இடத்தில் திசை மாறினார் என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு சுவிசேஷத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நாலைந்து பேர் சேர்ந்து படிப்பதுதான் வழி. படித்ததில் ஒன்றையாவது அந்த வாரமே செய்து பார்க்கவும் வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் பெரும்பாலான வேதபாட வகுப்புகள் விட்டுவிடுகின்றன.

முதலில் மாற்குவை எடுப்பது நல்லது. இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களிலும் சிறியது, 16 அதிகாரம். நிறுத்தி நிதானமாக உரக்கப் படித்தாலும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். குழு தொடங்கும் முன் இப்படி ஒரே மூச்சில் ஒருமுறை முழுதாகப் படித்துக் கேட்டுவிட வேண்டும். ஏப்ரல் நடுவில் வரும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா விடுமுறை இதற்குத் தோதான நேரம். கடைகள் அடைத்திருக்கும், தெருவில் இறங்கினால் நனைந்துதான் திரும்ப வேண்டும், ஆகவே ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். நன்றாக வாசிக்கக்கூடிய மூன்று பேர் போதும். முதல் ஆள் 8-ஆம் அதிகாரம் 26-ஆம் வசனம் வரை, இரண்டாவது ஆள் 10-ஆம் அதிகாரம் முடியும் வரை, மீதி மூன்றாவது ஆள். இடையில் விளக்கம், பிரசங்கம், "இங்கே கவனியுங்கள்" எதுவும் கூடாது. பாஸ்டர் ஐயா இருந்தால் அவருக்கு இது கொஞ்சம் சிரமமாக இருக்கும். அன்று அவரும் கேட்பவர்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

அந்த இடங்களில் ஆள் மாற்றுவதற்குக் காரணம் உண்டு. மாற்குவின் நடுப்பகுதி இரண்டு குருடர்களுக்கு நடுவில் அமைந்திருக்கிறது. 8-ஆம் அதிகாரத்தில் பெத்சாயிதாவில் ஒருவன் இரண்டு தடவையாகப் பார்வை பெறுகிறான்; 10-ஆம் அதிகாரக் கடைசியில் பர்திமேயு பார்வை பெற்று, வழியிலே இயேசுவுக்குப் பின் செல்கிறான். இந்த இரண்டுக்கும் இடையில் இயேசு தம் மரணத்தை மூன்று முறை முன்னறிவிக்கிறார்: 8:31, 9:31, 10:33. ஒவ்வொரு முறையும் சீஷர்கள் சொதப்புகிறார்கள். முதல் முறை பேதுரு அவரையே கடிந்துகொள்கிறார். இரண்டாம் முறை தங்களில் யார் பெரியவன் என்று வழியெல்லாம் வாக்குவாதம். மூன்றாம் முறை யாக்கோபும் யோவானும் வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்கிறார்கள். உடனே ஒவ்வொரு முறையும் தமக்குப் பின்னே வருவது என்றால் என்ன என்று இயேசு உட்கார வைத்துச் சொல்கிறார். சிலுவையை எடுத்துக்கொண்டு பின்பற்று என்பதும், முதல்வனாக விரும்புகிறவன் எல்லாருக்கும் ஊழியக்காரனாக இருக்கட்டும் என்பதும் இங்கே வருகின்றன. பின்பற்றுதலைப் பற்றிய பாடம் முழுக்கத் தவறு செய்த சீஷர்களுக்கே சொல்லப்பட்டது என்பதைக் குழுவில் உள்ளவர்கள் தாங்களாகவே கண்டுபிடிக்க விடுங்கள். அதைக் கண்டுபிடிக்கிற அன்று குழுவில் பேசாதவர்களும் பேசத் தொடங்குவார்கள்.

குழுவுக்கு ஐந்திலிருந்து எட்டுப் பேர். ஐந்துக்குக் குறைந்தால் இருவர் வராத வாரம் கூட்டமே நடக்காது. எட்டைத் தாண்டினால் இரண்டு பேர் பேச மற்றவர்கள் கேட்கும் வகுப்பாகிவிடும். யார் யார் சேரலாம் என்பதில் நம் ஊரில் கூடுதல் கவனம் வேண்டும். ரங்கூன் தமிழ்ச் சபைகளில் பாதிப் பேருக்குப் பாதிப் பேர் சொந்தம். மாமியாரும் மருமகளும் ஒரே குழுவில் இருந்தால் இரண்டு பேரும் உண்மை பேச மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. முதலாளியும் அவர் கடையில் வேலை செய்கிறவரும் அப்படியே. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று பிரிப்பது பழமைவாதமாகத் தோன்றலாம். வாசிப்பைச் சேர்ந்தே வைத்துக்கொண்டு, செய்ததைச் சொல்லும் பகுதிக்கு மட்டும் பிரிந்தால் இரண்டு நன்மையும் கிடைக்கும்.

நேரம் ஞாயிறு மதியம். ஆராதனை முடிந்து, சாப்பாடு முடிந்து, இரண்டு மணிக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடித்துவிட வேண்டும். டிசம்பரில் ஐந்தரைக்கே இருட்டிவிடும், இருட்டுவதற்குள் எல்லாரும் வீடு சேர்ந்தாக வேண்டும் என்பது இன்றைய ரங்கூன் நிலை. பகலில் கூடினால் மின்வெட்டும் பெரிய தொல்லையாக இருக்காது. போனில் உள்ள வேதாகமத்தை நம்பி வரக் கூடாது. அச்சிட்ட புத்தகம் இரண்டாவது நடுவில் இருக்கட்டும். வார நடுவில் ஒரு மாலைப் பொழுதில் வைத்துப் பார்க்கும் குழுக்கள் மழைக்காலம் வந்ததும் கரைந்துபோகின்றன.

மொழி விஷயம்தான் எங்கள் சபைகளுக்கே உரிய சிக்கல். தமிழ் பேசும் பிள்ளைகளில் பலர் பர்மிய எழுத்தைத்தான் சரளமாக வாசிக்கிறார்கள். தாத்தா பாட்டிக்குத் தமிழ் எழுத்து மட்டுமே வசதி. இரண்டு தரப்பையும் ஒரே மொழிக்குள் தள்ள முயல வேண்டாம். சுவிசேஷம் இரண்டிலும் நெடுங்காலமாக இருக்கிறது. தமிழில் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-இல் தரங்கம்பாடியில் அச்சேறின. 1813-இல் ரங்கூனுக்கு வந்து இறங்கிய அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் பர்மிய வேதாகமத்தை 1834-இல் மொழிபெயர்த்து முடித்தார். பகுதியை முதலில் தமிழில் ஒருவர், பிறகு பர்மியத்தில் ஒருவர் வாசிக்கட்டும். இரண்டு முறை கேட்பதே பாதிப் பாடம். பழைய பர்மிய நடையும் பழைய தமிழ் நடையும் இளைஞர்களுக்குச் சம அளவில் கடினம் என்பதால் யாரும் யாரையும் கேலி செய்ய முடியாது.

இரண்டு புத்தகம் வைத்துப் படிக்கும்போது ஒரு தடுமாற்றம் வரும். வசன எண் இருக்கும், வசனம் இருக்காது. மாற்குவில் 7:16, 9:44, 9:46, 11:26, 15:28 ஆகியவை பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் உண்டு; புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அடிக்குறிப்புக்குப் போயிருக்கும். "உங்கள் புத்தகத்தில் வசனத்தை எடுத்துவிட்டார்கள்" என்று யாராவது பதறுவார். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த வசனங்கள் இல்லாததுதான் காரணம். 9:44, 9:46 இரண்டும் 9:48-இல் அப்படியே இருப்பதைத் திறந்து காட்டினால் பதற்றம் அடங்கும். 16:9 முதல் 20 வரை உள்ள பகுதியும் மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளான சினாய், வத்திக்கான் பிரதிகள் இரண்டிலும் இல்லை. நடத்துபவர் இதை முன்னமே தெரிந்து வைத்திருந்து இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு நகர வேண்டும். தெரியாவிட்டால் அன்றைய கூட்டம் முழுவதையும் அதுவே தின்றுவிடும்.

ஒரு வாரத்துக்குப் பத்திலிருந்து இருபத்தைந்து வசனம். அதிகாரக் கணக்கைப் பார்க்காமல் ஒரு சம்பவம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ அதுவரை எடுக்க வேண்டும். இப்படிப் பிரித்தால் மாற்கு நாற்பது, நாற்பத்திரண்டு பகுதியாக வரும். தண்ணீர்த் திருவிழா, பரிசுத்த வாரம், அறுப்பின் பண்டிகை, கிறிஸ்துமஸ் பாடல் பவனி நடக்கும் வாரங்கள், தெருவில் தண்ணீர் நிற்கும் ஓரிரு வாரம் எல்லாம் போனாலும் ஒரு வருடத்தில் முடியும்.

வாசித்து முடித்ததும் புத்தகங்களை மூடச் சொல்லுங்கள். ஒருவர் அந்தச் சம்பவத்தைத் தன் பேச்சு வழக்கில் சொல்ல வேண்டும். விட்டதை மற்றவர்கள் சேர்க்க வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து சரிபார்க்க வேண்டும். தமிழ் வாசிக்கத் தெரியாத பையன் இந்த இடத்தில் வாசிக்கத் தெரிந்த பெரியவரை மிஞ்சிவிடுவதைப் பார்க்கலாம். சரிபார்க்கும்போது இரண்டு வகைப் பிழை வெளிவரும். ஒன்று, படத்திலும் நாடகத்திலும் பார்த்தது கதைக்குள் நுழைந்திருக்கும். இன்னொன்று, நான்கு சுவிசேஷமும் கலந்திருக்கும். மாற்கு 10-இல் வரும் ஐசுவரியவானை எல்லாரும் "அந்த வாலிபத் தலைவன்" என்பார்கள். வாலிபன் என்பது மத்தேயு, தலைவன் என்பது லூக்கா. இயேசு அவனைப் பார்த்து அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று மாற்கு மட்டும்தான் சொல்கிறார், அதைத்தான் சொல்பவர் விட்டிருப்பார். ஆகவே மாற்கு படிக்கும் வருடத்தில் மற்ற மூன்றையும் இழுத்து வராதீர்கள். திமிர்வாதக்காரனைச் சுமந்தவர்கள் நான்கு பேர் என்பது, படகில் தலையணை இருந்தது என்பது, ஐயாயிரம் பேர் உட்கார்ந்த புல் பசும்புல் என்பது எல்லாம் மாற்குவின் கண்ணில் பட்டவை. கலந்து படிக்கிறவர்களுக்கு இவை தட்டுப்படுவதே இல்லை.

அடுத்து பேச்சு. இயேசு இங்கே என்ன செய்கிறார், சுற்றி இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள், சீஷர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று மட்டும் கேட்டால் போதும். "இது நமக்கு என்ன கற்றுத் தருகிறது?" என்ற கேள்வியை முதலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பதில்தான் வரும்: விசுவாசம் வேண்டும், ஜெபிக்க வேண்டும், கீழ்ப்படிய வேண்டும். நடத்துபவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மௌனம் அரை நிமிடம் நீண்டாலும் தானே பதில் சொல்லக் கூடாது.

கடைசி இருபது நிமிடம் செயலுக்கு. ஒவ்வொருவரும் அடுத்த சனிக்கிழமைக்குள் தான் செய்யப்போகும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதில் ஓர் ஆள், ஒரு நாள், கண்ணுக்குத் தெரியும் ஒரு வேலை மூன்றும் இருக்க வேண்டும். "அன்பில் வளருவேன்" என்பது செயலில் சேராது. "புதன்கிழமை வேலை விட்டு வரும்போது, பேச்சு நின்றுபோன சித்தப்பா வீட்டில் ஏறி ஒரு டீ குடித்துவிட்டு வருவேன்" என்பது செயல். பெரிதாகச் சொல்லும் ஆளைச் சின்னதாக்கச் சொல்லுங்கள். முதல் மாதம் உற்சாகத்தில் மாதம் முழுக்க உபவாசம் என்று அறிவிப்பவர் இரண்டாவது மாதம் கூட்டத்துக்கே வர மாட்டார், வெட்கம்தான் காரணம்.

சில பகுதிகள் தாமாகவே கையைப் பிடித்து இழுக்கும். லேவி வீட்டுப் பந்தி (2:15) வந்தால், நாம் யார் வீட்டில் சாப்பிடுவதில்லை என்ற பேச்சு எழும். சாதி என்ற சொல்லை யாரும் முதலில் எடுக்க மாட்டார்கள், அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும். 7-ஆம் அதிகாரத்தின் கொர்பான் பகுதியைத் தாண்டிக் குதித்துவிடும் குழுக்கள் அதிகம். தேவனுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிப் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை நிறுத்துவது பற்றி இயேசு அங்கே கடுமையாகப் பேசுகிறார். தாய்லாந்திலும் மலேசியாவிலும் சம்பாதிக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணம் கோபுர வேலைக்கும் ஒலிபெருக்கிக்கும் போய், அம்மாவின் சர்க்கரை மாத்திரை பாதி மாதத்தோடு தீர்ந்துபோகும் வீடு உங்கள் சபையிலும் இருக்கலாம். அந்த வாரச் செயலை நடத்துபவர் தீர்மானிக்கவே வேண்டாம். போனில் கூப்பிட்டு "அம்மா, மருந்து எத்தனை நாளைக்கு இருக்கு?" என்று கேட்பதே போதுமான தொடக்கம். சபைக் கமிட்டியில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி பிடிக்காது என்பதையும் எதிர்பார்த்திருங்கள்.

அடுத்த ஞாயிறு கூட்டம் அந்தச் செயலைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும், புதுப் பகுதியைத் திறந்து தொடங்கக் கூடாது. கேட்கும் விதம் முக்கியம். "செய்தீர்களா இல்லையா?" என்றால் பள்ளிக்கூடம் ஆகிவிடும். "அண்ணே, சித்தப்பா வீட்டுக்குப் போறதா இருந்தீங்களே, எப்படிப் போச்சு?" என்றால் செய்யாதவரும் ஏன் முடியவில்லை என்று சொல்ல இடம் இருக்கும். செய்யாததில் பாதி, கெட்ட மனதால் நின்றதில்லை. போக நேரம் இல்லை, பயம், எதிராளி கதவைத் திறக்கவில்லை. அப்படியானால் அதே செயலை இன்னும் சின்னதாக்கி மறுவாரமும் வைத்துக்கொள்ளலாம். மூன்று வாரம் யாருமே ஒன்றும் செய்யவில்லை என்றால் வாசிப்பை நிறுத்திவிட்டு அதைப் பற்றிப் பேசுங்கள். பகுதிகளைத் தள்ளிக்கொண்டே போய் வருடக் கடைசியில் சான்றிதழ் கொடுப்பதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை.

குழுவில் கேட்டது வெளியே போகாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். நம் சபைகளில் வம்புக்கு இருக்கும் மரியாதையான பெயர் ஜெபக்குறிப்பு. "இந்தத் தங்கச்சிக்காக ஜெபியுங்கள், வீட்டில் பிரச்சினை" என்று சொன்னாலே ஊர் முழுக்கப் பரவிவிடும். இல்லாத ஆளைப் பற்றிய ஜெபக்குறிப்பு கிடையாது, தன்னைப் பற்றி மட்டும் சொல்லலாம் என்று முதல் கூட்டத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். போன் குழுவில் நேரம், இடம், அடுத்த பகுதி தவிர எதையும் எழுத வேண்டாம். இரண்டு பேருக்குள் மனத்தாங்கல் வந்தால் மத்தேயு 18:15-17 காட்டும் வரிசை இருக்கிறது: முதலில் தனியாகப் போய் அவரிடமே சொல்வது, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போவது, அதன் பிறகே சபை. நடைமுறையில் முதல் படி காணாமல் போகிறது. நேரே கமிட்டிக்கோ, அதைவிட வேகமாக டீக்கடைக்கோ போகிறது. புகார் கொண்டுவருகிறவரிடம் பாஸ்டர் ஐயா கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அவர்கிட்ட தனியாப் பேசினீங்களா?" இல்லை என்றால் உட்காரச் சொல்லி டீ கொடுத்துத் திருப்பி அனுப்பலாம்.

குழுவில் படித்தது சபையின் பொது வாழ்க்கைக்குள் வராவிட்டால் அது தனி மன்றமாகிவிடும். திருவிருந்து ஞாயிற்றுக்கு முந்தைய ஞாயிறே மத்தேயு 5:23-24-ஐ வாசித்து, ஒப்புரவாக வேண்டியவர்களுக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். பந்தியின் முன் நிறுத்தி அந்த நேரத்தில் கேட்டால் யாரும் எழுந்து போக மாட்டார்கள். மாற்கு 10-ஆம் அதிகாரம் முடிந்த மாதத்தில் சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசன விருந்து வந்தால் அண்டா கழுவும் வேலையைக் கமிட்டி ஐயாமார்களுக்குக் கொடுங்கள், முன்வரிசை நாற்காலிகளைப் பெயர் எழுதி ஒதுக்காதீர்கள். காணிக்கை கொடுத்தவர் பெயரையும் தொகையையும் மைக்கில் வாசிக்கும் வழக்கம், தர்மத்தை அந்தரங்கமாகச் செய் என்னும் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தோடு ஒத்துப்போகாது. வாசிக்காவிட்டால் கணக்கில் சந்தேகம் வரும் என்பது நியாயமான பயம். பெயருக்குப் பதில் ரசீது எண்ணையும் தொகையையும் அறிவிப்புப் பலகையில் போட்டால் கொடுத்தவர் தன் எண்ணைப் பார்த்துக்கொள்வார், மற்றவர்களுக்கு மொத்தம் தெரியும். வருமானம் ஓரிரு மாதம் குறையலாம். அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு தொடங்குங்கள்.

வீட்டில் மற்றவர்கள் இந்துவாகவோ பௌத்தராகவோ இருக்க, தான் மட்டும் இயேசுவைப் பின்பற்ற வரும் தம்பி தங்கைகள் எங்கள் குழுக்களில் உண்டு. அவர்களுக்கு அவசரக்காரர்கள் கொடுக்கும் முதல் வசனம், தாய் தகப்பனை என்னைவிட அதிகமாக நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல என்னும் மத்தேயு 10:37. அதை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால் ஒரு மாதத்தில் வீட்டில் பேச்சு வார்த்தை நின்றுவிடும். மாற்கு 5-இல் பிசாசு நீங்கிய மனிதன் கூடவே வருகிறேன் என்று கெஞ்சியும் இயேசு அவனைப் படகில் ஏற்றவில்லை; உன் வீட்டாரிடத்துக்குப் போய்க் கர்த்தர் உனக்குச் செய்ததைச் சொல் என்று அனுப்பினார். தாய் தகப்பனைக் கனம்பண்ணுவதைப் பற்றிய 7-ஆம் அதிகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். படையல், சடங்கு, கோயில் திருவிழாவில் எதில் கலந்துகொள்ளலாம், எதில் கூடாது என்பதை ஒவ்வொன்றாக, அவர் வாயாலேயே பேச விட்டு முடிவெடுக்க வேண்டும். பெரியவர்களை அவமதிக்காமல் மறுப்பது எப்படி என்று குழுவில் ஒருமுறை சொல்லிப் பார்த்துப் பழகினால், வீட்டில் அந்த நேரம் வரும்போது வார்த்தை தடுமாறாது. ஞானஸ்நானத் தேதியை மாற்கு முடியும் வரை தள்ளி வைத்தால் வீட்டாருக்கும் பழக அவகாசம் கிடைக்கும்.

மாற்கு முடிந்தால் மத்தேயு 5 முதல் 7 வரை உள்ள மலைப்பிரசங்கம். 111 வசனம்தான், ஆனால் மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அதில் வேலை இருக்கிறது. பிறகு லூக்கா. யோவானைக் கடைசிக்கு வைப்பது எங்கள் எண்ணம். நீண்ட உரையாடல்கள் நிறைந்த சுவிசேஷம் அது, சம்பவங்களில் கால் ஊன்றாதவர்கள் வார்த்தைகளிலேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள். மத்தேயு, மாற்கு, லூக்கா என்று ஆண்டுக்கு ஒரு சுவிசேஷமாக எடுக்கும் மூன்றாண்டு வாசகச் சுழற்சியைப் பின்பற்றும் சபைகள் ஞாயிறு வாசகத்தோடு இதை இணைத்துக்கொள்ளலாம். 2025-இல், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்தக் காலமான அட்வெந்தில் மத்தேயு ஆண்டு தொடங்கியது. மாற்கு ஆண்டு 2026 நவம்பர் 29-இல் தொடங்குகிறது. அந்தச் சபைகளில் பிரசங்கமும் குழுவும் ஒரே சுவிசேஷத்தில் நடக்கும்.

குழுவைப் பிரிக்கும் நேரத்தை ஆள் கூடும்போது யோசிக்காமல் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். மாற்கு 8-ஆம் அதிகாரம் தாண்டியதும் நடத்துபவர் அல்லாத இருவர் மாறி மாறி நடத்தத் தொடங்க வேண்டும். பேச்சு வல்லவர்களைத் தேடாமல், வாராவாரம் செயலைச் செய்துவிட்டு வந்தவர்களைத் தேர்ந்தெடுங்கள். மாற்கு முடிந்ததும் அந்த இருவரும் புதிதாக நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு மறுபடி 1:1-லிருந்து தொடங்குவார்கள். பழைய நடத்துபவர் அங்கே உறுப்பினராகக்கூடப் போய் உட்காரக் கூடாது. அவர் இருக்கும் வரை எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்த்துப் பேசுவார்கள். பகுதிகளைப் பிரித்த தாள், இரண்டு மொழிப் புத்தகங்கள், எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்ற குறிப்பு, இவற்றைக் கைமாற்றிக் கொடுத்தால் போதும். யார் என்ன செயல் செய்தார்கள் என்று எழுதி வைத்த நோட்டு இருந்தால் அதைக் கொடுக்க வேண்டாம், கிழித்துவிடுங்கள்.